கை அரிப்பு: களிம்பு டியூப் வாங்கும் முன் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

குமரி மாவட்டத்தில் அருமனை, குலசேகரம், மார்த்தாண்டம் பக்கத்துக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ச் சுகாதார வேலை பார்க்கிறேன். இங்கே கை அரிக்காத தெரு கிடையாது. ரப்பர் வெட்டுகிறவர்கள், அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) கொட்டையின் தோடு உடைக்கிறவர்கள், கொத்து வேலைக்குப் பாறசாலை தாண்டிப் போகிறவர்கள், மூன்று வேளையும் பாத்திரம் துலக்குகிறவர்கள் என்று எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: “கை ஒரே சொறிச்சல். நல்ல டியூப் ஒண்ணு சொல்லு பிள்ளே.”

டியூப் கடைசிப் படி. அதை முதல் படியாக எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால் எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துச் செய்வது என்று வரிசையாக எழுதுகிறேன். வரிசையை மாற்றாமல் போங்கள்.

தொடங்கும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு சின்ன நோட்டு. வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி ஒரு டப்பா. வாசனை குறைந்த, குழந்தைகளுக்குப் போடும் வகைச் சோப்பு. பருத்திக் கையுறை மூன்று ஜோடி. அதன்மேல் போட ஒரு அளவு பெரிதான வினைல் கையுறை. நகவெட்டி. துடைக்கப் பழைய வேட்டித் துணி.

எலுமிச்சம்பழம், உப்பு, பூண்டு, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், கிருமிநாசினித் திரவம் எல்லாவற்றையும் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அரிக்கிற தோல் ஏற்கெனவே விரிசல் விட்ட தோல். இவை உள்ளே இறங்கி எரிக்கும். எரிச்சல் வந்தால் அரிப்பு கொஞ்ச நேரம் மறந்துபோகும். அதைக் குணம் என்று நம்பித்தான் பலர் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

1. வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாதவை

இந்தப் படிக்கு ஐந்து நிமிடம் போதும். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் மற்ற படிகளுக்குப் போகாதீர்கள்.

கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தடிப்பு எதுவும் இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது, ராத்திரி அதிகம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கல்லீரலில் பித்தம் தேங்குவதால் வருவதாக இருக்கலாம். ரத்தத்தில் பித்த அமிலம் பார்க்க வேண்டும். அது வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு ஆபத்து. “முடி வளருது, அதான் அரிக்குது” என்று வீட்டுப் பெரியவர்கள் அன்பாகச் சொல்லுவார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பேச்சைக் கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்.

கண் மஞ்சளாக இருக்கிறது, சிறுநீர் பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் போகிறது என்றாலும் கல்லீரலைத்தான் பார்க்க வேண்டும். கையுறை போட்ட சில நிமிடத்தில் உதடு வீங்கி மூச்சு முட்டினால் 108. சீழ், காய்ச்சல், கையில் மேல்நோக்கி ஏறும் சிவப்புக் கோடு இருந்தால் கிருமி உள்ளே போய்விட்டது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் விரல் வெடிப்பையும் சும்மா விடக் கூடாது.

2. கையைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்

அரிப்பு எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான் தெரியும். எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் காரணத்தைச் சொல்லும். டியூப் லைட்டில் பார்க்க வேண்டாம், முற்றத்துக்கு வாருங்கள்.

விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் பொடிப்பொடியாகத் தடிப்பு, நூல் கிழித்தது போல் சின்னக் கோடு, ராத்திரி படுத்தால் தாங்க முடியாத அரிப்பு, வீட்டில் இன்னொருவருக்கும் இருக்கிறது என்றால் சொறிசிரங்காக இருக்க வாய்ப்பு அதிகம். தோலுக்குள் வளை தோண்டும் ஒரு சிற்றுண்ணி அது.

ஒரு உள்ளங்கை மட்டும் வறண்டு, ரேகைகளில் மாவு படிந்தது போல் வெள்ளையாக இருந்தால் உடனே இரண்டு பாதங்களையும் பாருங்கள். அங்கேயும் தோல் உரிந்தால் பூஞ்சையாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கை, இரண்டு கால் என்று அது வருவது டாக்டர்களுக்கு நன்றாகத் தெரிந்த அடையாளம்.

விரல்களின் பக்கவாட்டில் ஜவ்வரிசி புதைந்தது போல் கொப்புளங்கள் இருந்தால் அது ஒரு வகை எக்சிமா, அதாவது தோல் அழற்சி. அவற்றைக் குத்தி உடைக்காதீர்கள்.

புறங்கை, விரல் முட்டி, மோதிரத்துக்கு அடியில் வறண்டு சிவந்திருந்தால் சோப்பும் தண்ணீரும். மோதிரத்தடியில் சோப்பு தங்கிவிடுகிறது, அதனால்தான் அங்கே தொடங்குகிறது. இடது கைப் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் மட்டும் வெடித்திருந்தால் பூண்டைச் சந்தேகப்படுங்கள். வலது கையில் கத்தி, இடது கை விரல்களில்தான் பூண்டு.

தோலில் எதுவுமே இல்லை, ஆனால் அரிப்பும் மதமதப்பும் ராத்திரி எழுப்புகிறது, கையை உதறினால் குறைகிறது என்றால் அது மணிக்கட்டில் நரம்பு அமுங்குவதாக இருக்கலாம். வெளிறிய திட்டில் தொடு உணர்ச்சியே இல்லை என்றால் களிம்பு தடவாமல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். தொழுநோயா என்று பார்ப்பார்கள். மருந்து இலவசம், குணமாகக் கூடியது.

இந்த இடத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு தடுமாற்றத்தைச் சொல்ல வேண்டும். மலையாளத்தில் சொறிச்சில் என்றால் வெறும் அரிப்பு. நாமும் அதே பழக்கத்தில் “கையில சொறி” என்று கடையில் சொல்லிவிடுகிறோம். அவர்கள் சிரங்கு மருந்தை எடுத்துக் கொடுக்கிறார்கள். அரிப்பு என்று சொல்லுங்கள், எந்த இடம், எந்த நேரம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பார்த்ததும் போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை அதே இடத்தில் நின்று இன்னொன்று. குறைகிறதா கூடுகிறதா என்பதில் நம் ஞாபகத்தை நம்ப முடியாது.

3. ஏழு நாள் நோட்டு

காலையில் இருந்து கை எதையெல்லாம் தொட்டது, அரிப்பு எப்போது ஏறியது, இரண்டையும் தேதி போட்டு எழுதுங்கள். லீவு நாளில் எப்படி இருந்தது என்பதைத் தனியாகக் குறியுங்கள்.

இங்கேதான் எல்லாரும் தவறு செய்கிறார்கள். இன்று அரித்தால் இன்று தொட்டதைச் சந்தேகப்படுகிறார்கள். ஒவ்வாமையால் வரும் எக்சிமா, தொட்ட பிறகு ஒன்று முதல் மூன்று நாள் கழித்துக்கூடத் தலைகாட்டும். சனிக்கிழமை அரிப்புக்குப் புதன்கிழமை தொட்ட பொருள் காரணமாக இருக்கலாம். சோப்பு, ஆசிட் போன்றவற்றின் எரிச்சல் அப்படியில்லை, சீக்கிரமே தெரியும், லீவு விட்டால் குறையும். நோட்டு இல்லாமல் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது.

4. நம் பக்கத்துக் காரணங்கள்

முந்திரியில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இங்கே பெண்களின் கை கெடுவதில் அதற்குப் பெரிய பங்கு. அண்டித் தோட்டுக்குள் இருக்கும் கறுப்பு எண்ணெயில் அனகார்டிக் அமிலமும் கார்டாலும் உண்டு. அது இரண்டு விதமாகக் கெடுக்கும். பட்ட இடத்தைப் பொள்ளவைக்கும், அது யாருக்கும் நடக்கும். சிலருக்கு நாளடைவில் ஒவ்வாமையாகவும் மாறும். அப்புறம் ஒரு துளி பட்டாலும் கை வீங்கும். மாமரமும் சேங்கொட்டையும் இதே குடும்பம். அதனால் அண்டி ஆபீசில் கை கெட்டவர்களுக்கு மாங்காய்ப் பால் பட்டாலும் அரிக்கலாம். வேலையை விட்டும் ஏன் குறையவில்லை என்று ஒரு அக்கா அழுதார். அவர் வீட்டு முற்றத்தில் அது மாங்காய் ஊறுகாய் போடும் காலம்.

தோடு உடைக்கும் முன் கையில் தேங்காயெண்ணெயோ ஆமணக்கெண்ணெயோ தடவுங்கள். காலையில் ஒரு தடவை தடவினால் போதாது. சாப்பிடக் கை கழுவினால் அந்தப் பூச்சும் போய்விடும், திரும்ப உட்காரும்போது மறுபடி தடவ வேண்டும். சாம்பலில் கையை முக்கும் பழக்கம் உண்டு. சாம்பல் எண்ணெயை உறிஞ்சுவது உண்மை, ஆனால் அது காரம். நாள் முழுக்கப் பட்டால் தோலை வறளவைக்கும். வேலை முடிந்ததும் நேராகச் சோப்புக்குப் போகாதீர்கள். தோட்டு எண்ணெய் தண்ணீரில் கரையாது. முதலில் தேங்காயெண்ணெய் விட்டுத் துணியால் துடைத்தெடுங்கள், அதன் பிறகு சோப்பு. இதைச் செய்து முடிக்கும்வரை முகத்தைத் தொடக் கூடாது, பிள்ளையைத் தூக்கக் கூடாது.

ரப்பரில் மூன்று விஷயம் கலந்து கிடக்கிறது, பிரித்துப் பார்க்க வேண்டும். பாலில் உள்ள புரதம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. பட்ட சில நிமிடத்தில் தடிப்பு எழும்பும். இரண்டாவது, ரப்பர் ஷீட் அடிக்கப் பால் உறையவைக்கும் ஃபார்மிக் ஆசிட், எறும்புக் கடியில் இருக்கும் அதே அமிலம்தான். தண்ணீரில் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. தெறித்தால் ஓடும் தண்ணீரில் நிறைய நேரம் காட்டுங்கள். மூன்றாவது, விரலில் காய்ந்த பாலைப் பிய்த்தெடுக்கும் பழக்கம். அதோடு மேல்தோலும் வரும். சிலர் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்க்கிறார்கள், அது இன்னும் மோசம். தேங்காயெண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் விட்டு மெதுவாக உருட்டியெடுங்கள்.

கொத்து வேலை செய்கிறவர்களுக்குச் சிமெண்டின் காரமும் அதில் உள்ள குரோமியமும். சாயங்காலம் மொத்தமாகக் கழுவிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். ஈரச் சிமெண்ட் மணிக்கணக்கில் ஒட்டியிருந்தால் பொள்ளிவிடும். கையுறைக்குள் விழுந்த சிமெண்ட் இன்னும் கெடுதல்.

சமையலறையில் சேனையும் சேம்பும். அவற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாக இருக்கிறது, அதுதான் குத்துகிறது. கையில் எண்ணெய் தடவி, கிழங்கைக் கழுவாமல் உலர்ந்தபடியே வெட்டுங்கள், வெட்டிய பிறகு கழுவலாம். அரித்தால் தேய்க்க வேண்டாம், தேய்த்தால் ஊசி உள்ளே இறங்கும். தோட்டத்தில் கம்பளிப்பூச்சியோ நாய்க்குருணை (பூனைக்காலி) சுணையோ பட்டாலும் இதே விதிதான். ஒட்டும் டேப்பை அழுத்தி உரித்தால் சுணை டேப்போடு வந்துவிடும்.

5. சந்தேகப்பட்டதை இரண்டு வாரம் நிறுத்துங்கள்

நோட்டில் அகப்பட்ட எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்துங்கள். கை தேறிய பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டுவாருங்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் ஐந்து நாள் விட்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் திரும்பத் தொடங்கினால் எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

வயிற்றுப்பாட்டுக்கான வேலையை நிறுத்தச் சொல்வது எளிது என்று எனக்குத் தெரியும். நிறுத்த முடியாதவர்கள் வேலைக்குள் இடம் மாற முடியுமா என்று கேளுங்கள். தோடு உடைப்பதில் இருந்து பருப்புத் தரம் பிரிக்கும் இடத்துக்கு மாறிய ஒருவருக்குக் கை நன்றாகவே தேறியது. மேனேஜரிடம் கேட்கக் கூச்சப்பட்டு அவர் ஒரு வருடம் வீணாக்கியிருந்தார்.

6. கழுவும் முறை

ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்தில் இருந்தாலோ, இருபது தடவைக்கு மேல் கழுவினாலோ தோல் தாங்காது என்பது தோல் மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. வீட்டில் இருக்கும் பெண்கள் எண்ணிப் பாருங்கள், பலர் மத்தியானத்துக்குள்ளேயே தாண்டிவிடுவீர்கள்.

தோலுக்கு இயல்பாக ஒரு மெல்லிய அமிலப் பூச்சு உண்டு. துணி சோப்பும் பாத்திரக் கட்டியும் காரம், அந்தப் பூச்சை எடுத்துவிடும். அதனால் கைக்கு மிருதுவான சோப்பு. ஆறிய தண்ணீர் போதும். சுடுதண்ணீர் ஊற்றினால் அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும், ஆனால் தோல் எண்ணெயைக் கரைத்துவிடும், பிறகு அரிப்பு கூடும். மோதிரத்தைக் கழற்றிக் கழுவுங்கள்.

கழுவியதைவிடத் துடைப்பது முக்கியம். முந்தானையில் ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டுப் போகாதீர்கள். விரல் இடுக்கு ஒவ்வொன்றிலும் துணியை வைத்து ஒற்றுங்கள். நமக்குக் கோடை மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஈரம் தங்கிய இடுக்கு வெள்ளையாக ஊறி, அங்கே பூஞ்சை வந்துவிடும்.

7. ஜெல்லி தடவும் முறை

துடைத்த மூன்று நிமிடத்துக்குள், தோலில் லேசான பதம் இருக்கும்போதே தடவ வேண்டும். ஜெல்லி தண்ணீரைக் கொண்டுவந்து கொடுப்பதில்லை, இருக்கிற தண்ணீரைப் போகவிடாமல் மூடுகிறது. காய்ந்த பிறகு தடவினால் மூடுவதற்கு உள்ளே அதிகம் இருக்காது. “தடவினேன், பிரயோஜனம் இல்லை” என்று சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் படுக்கப் போகும்போது காய்ந்த கையில் தடவியவர்கள்.

ஒவ்வொரு கழுவலுக்கும் ஒரு தடவல். ராத்திரி தாராளமாகப் பூசி, பருத்திக் கையுறை மாட்டிப் படுங்கள். தேங்காயெண்ணெயும் நல்லதுதான், வறட்சி மட்டும் இருந்தால் அதுவே போதும். நீர் கசியும் புண்ணில் எண்ணெய் வேண்டாம்.

8. கையுறை

உள்ளே பருத்தி, வெளியே வினைல். ரப்பர் கையுறையை மட்டும் நேராக மாட்டினால் வியர்வையில் கை ஊறும். ரப்பரே ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுவே நோய். இருபது நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து போட வேண்டாம், கழற்றிக் கையை உலர்த்துங்கள். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் உடனே மாற்றுங்கள். பருத்தி ஜோடிகளைத் தினமும் துவைத்து வெயிலில் போடுங்கள், மூன்று ஜோடி என்று சொன்னது அதற்காகத்தான்.

9. சொறிசிரங்கு என்றால்

இங்கே விதி வேறு. ஜெல்லியும் கையுறையும் உதவாது. டாக்டர் பொதுவாக 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு எழுதுவார். கழுத்து முதல் கால்விரல் வரை, நகத்தடி, தொப்புள், இடுக்கு எதையும் விடாமல் ராத்திரி பூசி, காலையில் குளிக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை, முட்டையில் இருந்து வந்தவற்றுக்காக.

மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. கை மட்டும்தானே அரிக்கிறது என்று கையில் மட்டும் பூசுவது. பூசிய பிறகு பாத்திரம் கழுவிவிட்டுக் கையில் மறுபடி பூசாமல் விடுவது. அரிக்கிறவருக்கு மட்டும் பூசி மற்றவர்களை விட்டுவிடுவது. உண்ணி உடம்பில் ஏறி நான்கு முதல் ஆறு வாரம் வரை முதல் தடவை வந்தவருக்கு அரிப்பே தெரியாது. அதனால் வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரி பூச வேண்டும். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டாக்டரிடம் கேட்டுவிட்டு.

போர்வை, துணிகளைச் சுடுதண்ணீரில் துவையுங்கள். துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் வையுங்கள். உடம்பை விட்டால் உண்ணி இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது. மருந்து வேலை செய்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிப்பு இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து தினமும் பூசாதீர்கள், தோல் எரிந்துவிடும்.

10. இப்போது டியூப்

மருந்துக்கடையில் கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் கலவை டியூப். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து எல்லாம் ஒன்றாக. பூஞ்சையின் மேல் ஸ்டீராய்டு பட்டால் மூன்றே நாளில் சிவப்பு குறையும், அரிப்பு நிற்கும். பூஞ்சை சாகாது, உள்ளே படரும். நிறுத்தியதும் முன்னைவிட அகலமாக வரும், வட்ட ஓரமும் கலைந்துபோய் டாக்டருக்கே அடையாளம் தெரியாமல் போகும். இந்த ஊரில் படர்தாமரை வருடக்கணக்கில் நிற்கும் வீடுகளில் நான் முதலில் கேட்பது பழைய டியூப்களைத்தான்.

ஸ்டீராய்டு கெட்டது என்று சொல்லவில்லை. எக்சிமாவுக்கு அதுதான் மருந்து. உள்ளங்கைத் தோல் தடிமன் என்பதால் டாக்டர் சற்று வலுவானதைக்கூட எழுதுவார். அளவையும் நாளையும் அவர் சொன்னபடி வையுங்கள். ஆள்காட்டி விரல் நுனியில் இருந்து முதல் ரேகை வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம், விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும். கைக்கு எழுதிய டியூபை முகத்திலோ தொடை இடுக்கிலோ போடாதீர்கள், அங்கே தோல் மெல்லிசு.

ராத்திரி அரிப்புக்கு மாத்திரை கொடுத்தால் சில மாத்திரைகள் தூக்கம் வரவைக்கும். விடியற்காலை மூன்று மணிக்குக் கத்தியோடு ரப்பர் வெட்டப் போகிறவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

11. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது

இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் உண்டு, திருவனந்தபுரத்துக்குப் போகிறவர்களும் உண்டு. எங்கே போனாலும் நோட்டு, போனில் உள்ள படங்கள், இதுவரை போட்ட எல்லா டியூபும், வேலைக்குப் போடும் கையுறையும் கையோடு இருக்கட்டும். அன்று காலை கையில் எதையும் தடவாதீர்கள். பூஞ்சையா என்று சுரண்டிப் பார்க்க வேண்டியிருந்தால் களிம்பு இடைஞ்சல்.

தோல் பார்வைக்குச் சரியான பிறகும் உள்ளே முழுதாகத் தேறச் சில மாதங்கள் ஆகும். ஜெல்லியை அதுவரை விடாதீர்கள்.

ஒவ்வாமை எது என்று கண்டுபிடிக்கப் பேட்ச் டெஸ்ட் எழுதினால் தயங்காமல் செய்துகொள்ளுங்கள். ஊசி கிடையாது. பல பொருள்களைத் துளித்துளியாக வைத்து முதுகில் பிளாஸ்டர் ஒட்டுவார்கள். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், பிறகு நான்காம் நாள் வாக்கில் மறுபடி பார்ப்பார்கள். அந்த நாட்களில் முதுகு நனையக் கூடாது, வியர்த்தாலும் பிளாஸ்டர் கழன்றுவிடும். அதனால் ரப்பர் வெட்டு நின்று வீட்டில் இருக்கும் மழை வாரமாகப் பார்த்துத் தேதி கேட்டு வாங்குங்கள்.